ஷிட்ஸூ குட்டி, மூன்றாம் மாடி ஃபிளாட், தினமும் நனையும் மிதியடி

கேள்வி சுருக்கமாக இதுதான்: சென்னையில் மூன்றாம் மாடி ஃபிளாட். 11 வார ஆண் ஷிட்ஸூ குட்டி, ஒன்றரை மாதத்தில் கடையில் வாங்கியது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் மாமியார் மட்டும் வீட்டில். தடுப்பூசி முடிகிறவரை கீழே இறக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சிறுநீரை உறிஞ்சுகிற பேட் விரித்தால் கடித்துக் குதறுகிறான். சிறுநீர் போவதெல்லாம் வாசல் மிதியடியிலும் சோபாவுக்குப் பின்னாலும்தான். அதட்டியாயிற்று, மூக்கைத் தேய்த்தும் பார்த்தாயிற்று. "சின்ன இன நாய்களுக்கு, சொன்ன இடத்தில் போகிற பழக்கமே வராது என்கிறார்களே, நிஜமா?"

நிஜமில்லை. வரும். ஆனால் பெரிய இனக் குட்டிகளைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும், அதை ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். லாப்ரடார் குட்டி ஐந்து, ஆறு மாதத்தில் தேறிவிடுகிற அதே வீட்டில் ஷிட்ஸூவுக்கோ பக்குக்கோ எட்டு, பத்து மாதம் ஆகலாம். ஒரு வருடம் வரை போனாலும் அதிசயமில்லை. நாய் மக்கு என்பதால் அல்ல. பாதி காரணம் உடம்பு, மீதி காரணம் நாம்.

உடம்பை முதலில் பார்ப்போம். குட்டியின் வயதை மாதத்தில் எடுத்து ஒன்றைக் கூட்டினால் அவனால் எத்தனை மணி நேரம் அடக்க முடியும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. இரண்டரை மாதக் குட்டிக்கு மூன்று, மூன்றரை மணி நேரம் வருகிறது. பலரும் இதைக் கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். அந்தக் கணக்கு படுத்துக்கிடக்கிற குட்டிக்குத்தான், அதுவும் அதிகபட்சமாக. விழித்து ஓடியாடுகிற குட்டிக்கு முப்பது, நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும். சின்ன உடம்புக்குச் சின்ன மூத்திரப்பை. அடக்கும் தசைகள் மீதான பிடி நாலு மாதத்துக்கு மேல்தான் மெல்ல உறுதிப்படும். ஆகவே இப்போது உங்கள் குட்டி செய்வது குறும்பும் இல்லை, பிடிவாதமும் இல்லை. வந்தது, போய்விட்டான். அவ்வளவுதான்.

நம் பங்குக்கு வருவோம். பெரிய நாய் வீட்டுக்குள் போனால் குளமாக நிற்கும், வீடே பதறும், அன்றைக்கே ஏதாவது வழி பார்ப்போம். ஷிட்ஸூ போவது இரண்டு ஸ்பூன். சோபாவுக்குப் பின்னால் போனால் காய்ந்து மஞ்சளாகிற வரை யார் கண்ணிலும் படாது. "சின்னதுதானே" என்று துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அவனுக்கோ அந்த இடம் பழகிவிட்டது.

இன்னொரு விஷயத்தை யாரும் கவனிப்பதே இல்லை. சின்ன நாயை எங்கே கொண்டுபோனாலும் தூக்கிக்கொண்டே போகிறோம். படுக்கையறையிலிருந்து பால்கனிக்குத் தூக்கிப்போய் இறக்கிவிடுகிறீர்கள் என்றால் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் தோளும், திடீரென்று காலடியில் வந்த பால்கனித் தரையும்தான். நடுவில் வழி என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. முட்டிக்கொண்டு வரும்போது எந்தக் கதவைத் தேடி ஓடுவான்? வீட்டுக்குள் அவனை நடத்தியே கூட்டிப்போங்கள். கழுத்தில் லேசான பட்டை, அதில் நாலடிக் கயிறு, இழுக்காமல் கூடவே நடந்தால் போதும். அவசரமாக முட்டிக்கொண்டு நிற்கிறான் என்றால் மட்டும் தூக்கலாம், அப்போதும் கதவுக்கு இரண்டடி முன்னால் இறக்கிவிட்டு மீதியை அவன் காலால் கடக்க விடுங்கள்.

அப்புறம், அவன் வந்த இடம். நாய்க்குட்டி பிறந்து மூன்று வாரம் வரை தாய் நக்கிவிட்டால்தான் சிறுநீரே போகும். மூன்று வாரம் தாண்டியதும் தானாகவே படுக்கும் இடத்தை விட்டுத் தள்ளிப்போய்ப் போக ஆரம்பிக்கும். யாரும் சொல்லித்தர வேண்டாம், பிறவிக் குணம். ஏழெட்டு வாரத்தில் எந்தத் தரையில் போவது என்பதும் அதன் பாதத்துக்குப் பதிந்துவிடுகிறது. மண்ணில் வளர்ந்தது மண்ணைத் தேடும், புல்லில் வளர்ந்தது புல்லைத் தேடும். கடைக் கூண்டில் வளர்ந்த குட்டிக்குத் தள்ளிப்போக இடமே கிடையாது. படுப்பது, தின்பது, போவது எல்லாம் அதே ஒன்றரை அடியில்தான். படுக்கையை அசுத்தம் செய்யக் கூடாது என்ற குணம் அங்கேயே மழுங்கிவிடுகிறது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. ஆனாலும் முப்பது, முப்பத்தைந்து நாள் குட்டியைக்கூட "நாற்பத்தைந்து நாள் ஆச்சு சார்" என்று கையில் கொடுத்துவிடுகிறார்கள். அப்படி வந்த குட்டியானால் இந்தப் பழக்கத்தை முதலிலிருந்து கட்டி எழுப்ப வேண்டும். முடியும், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் குட்டியோடு ஒப்பிட்டு நொந்துகொள்ளாதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். நான் இந்த மாதிரி வீடுகளுக்குப் போனால் முதலில் பார்ப்பது குட்டியை அல்ல, அவனுக்கு எவ்வளவு வீடு திறந்துகிடக்கிறது என்பதைத்தான். உங்கள் இரண்டு படுக்கையறை ஃபிளாட் அவன் அளவுக்கு ஒரு மைதானம். ஹாலின் ஒரு மூலையில் அவன் படுக்கை, இன்னொரு மூலையில் சோபா. சோபாவின் பின்பக்கம் அவன் கணக்கில் வீடே அல்ல, வெளியூர். "படுக்கையிலிருந்து தள்ளிப்போ" என்று உள்ளுணர்வு சொல்கிறது, தள்ளிப்போய்விட்டான். அவன் சரியாகத்தான் செய்கிறான்.

ஆகவே வீட்டைச் சுருக்குங்கள். கம்பித் தடுப்பு, அதாவது மடித்து விரிக்கிற பிளே பென் ஒன்று வாங்கி, பால்கனிக் கதவை ஒட்டி நாலுக்கு நாலடியில் நிறுத்துங்கள். அதற்குள் படுக்கை, தண்ணீர்க் கிண்ணம், கடிக்க ஒரு பொம்மை. யாருடைய கண்ணும் அவன் மேல் இல்லாத நேரமெல்லாம் அவன் அங்கேதான். பென் வேண்டாம், கூண்டு போதும் என்றால் எழுந்து நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். அதைவிடப் பெரிதாக இருந்தால் ஒரு மூலையைக் கழிப்பறை ஆக்கிவிடுவான். ஆனால் கடைக் கூண்டில் வளர்ந்தவன் என்பதால், மூடிய கூண்டில் தன் படுக்கையிலேயே போய்விடக்கூடும். முதல் சில வாரங்களுக்குப் பகலில் உங்களுக்கு பென்தான் சரிப்படும். சங்கிலியில் கட்டிப்போடுவது மட்டும் வேண்டாம். கட்டிய இடத்திலேயே போய், மிதித்து, அதிலேயே படுப்பான். நாம் மாற்ற நினைக்கிற பழக்கமே அதுதான்.

மிதியடிகளை எல்லாம் இன்றைக்கே சுருட்டி மேலே வையுங்கள். வாசல் மிதியடி, குளியலறை வாசல் துணி, பூஜை அறை முன்னால் விரித்த பாய் எல்லாமே. மெத்தென்று, ஈரத்தை உறிஞ்சுகிறதாக, காலில் தெறிக்காமல் இருக்கிற இடம்தான் குட்டிக்குப் பிடிக்கும். பேடும் அப்படித்தான், மிதியடியும் அப்படித்தான். இரண்டுக்கும் அவன் பாதத்துக்கு வித்தியாசம் தெரியாது. பேடில் போகப் பழகிய குட்டிகள் மெத்தையிலும் கம்பளத்திலும் போவது இதனால்தான். உங்களுக்குப் பேடே வேண்டாம் என்பது என் கருத்து. கிழிப்பதற்கு ஆயிரம் வழி கண்டுபிடிப்பான், கிழித்த பஞ்சை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். அந்தத் தொல்லையும் கூட.

அதற்குப் பதில் பால்கனியில் ஒரு தட்டு. பிளாஸ்டிக் தட்டு, மேலே துளையிட்ட மூடி, அதன் மேல் செயற்கைப் புல் விரிப்பு என்று ஆயத்தமாகவே கிடைக்கிறது. செலவு வேண்டாம் என்றால் நர்சரியில் விற்கிற உண்மையான புல் கட்டையை அகலமான தட்டில் பதித்து வையுங்கள். பின்னால் கீழே மண்ணுக்கும் புல்லுக்கும் மாறும்போது இது பெரிய உதவி, அதே தரையைத்தான் அவன் தேடுவான். இரண்டடிக்கு மூன்றடியாவது இருக்கட்டும். போவதற்கு முன் ஒரு சுற்றுச் சுற்றாமல் அவனால் உட்கார முடியாது. சின்னத் தட்டு என்றால் முன்னங்கால் உள்ளே, பின்னங்கால் வெளியே நின்று "தட்டில்தான் போனேன்" என்கிற முகத்தோடு தரையில் விட்டிருப்பான்.

பால்கனியில் இரண்டு எச்சரிக்கை. கிரில் கம்பிகளுக்கு நடுவே ஷிட்ஸூக் குட்டியின் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும், கீழிருந்து மூன்றடிக்காவது வலை கட்டிவிட்டுத்தான் அவனை விட வேண்டும். அடுத்தது வெயில். பகல் பதினொன்றுக்கு மேல் பால்கனி டைல்ஸில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் அவன் பாதமும் தாங்காது. ஒருமுறை சுட்டுக்கொண்டால் பால்கனிப் பக்கமே வர மாட்டான். தட்டை நிழலில் வையுங்கள், கதவிலிருந்து தட்டு வரை தண்ணீர் தெளித்து வையுங்கள்.

கீழே இறக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதைத் தட்டாதீர்கள். குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், தெருநாய் போன இடத்தை மோந்தாலே போதும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்குகிற தடுப்பூசி, சில வாரங்களுக்கு ஒன்றாக 16 வாரம் வரை போகும். கடைசி ஊசிக்குப் பிறகும் ஒன்றிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். அதுவரை தட்டுதான் அவன் உலகம். குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே போய் மனிதர்களையும் வண்டிச் சத்தத்தையும் காட்டலாம், தரையில் மட்டும் விடாதீர்கள்.

இடம் தயார், இனி நேரம். இந்தப் பயிற்சியில் முக்கால்வாசி வேலை இதில்தான் இருக்கிறது. குட்டிக்கு எப்போதெல்லாம் வரும் என்பது ஏறக்குறைய முன்பே தெரிந்த விஷயம். தூங்கி எழுந்த உடனே வரும். சாப்பிட்ட ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் வரும், ஏனென்றால் வயிறு நிறைந்தால் குடல் தானாக அசைய ஆரம்பிக்கும். விளையாட்டின் நடுவில் வரும், ஆபீஸிலிருந்து நீங்கள் வந்து கொஞ்சிய பரபரப்பில் வரும். இந்த நேரங்களில் அவன் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். 11 வாரக் குட்டிக்குக் கேட்கவே தெரியாது. நீங்கள்தான் கூட்டிப்போக வேண்டும்.

இடைப்பட்ட நேரத்தில் அவன் உடம்பைப் பாருங்கள். பொம்மையைக் கடித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று அதை விட்டுவிட்டு மூக்கைத் தரையில் வைத்து நடந்தால், ஒரே இடத்தைச் சுற்றி வந்தால், யாரும் இல்லாத அறைப் பக்கம் நழுவினால் உங்களுக்கு மூன்று, நாலு விநாடிதான் இருக்கிறது. ஷிட்ஸூவில் ஒரு தொல்லை: கால் குட்டை, முடி நீளம், உட்காருவதே தெரியாது. வெறுமனே நிற்பதுபோல் இருக்கும், பின்பக்கம் ஓர் அங்குலம் தாழ்ந்திருக்கும், அவ்வளவுதான் அடையாளம். (மலம் போக இடம் பார்த்து நாய் இப்படிச் சுற்றுவது ஏன் என்று தோன்றினால், காந்தப்புலம் அமைதியாக இருக்கும் நேரத்தில் அவை வடக்கு தெற்காக நின்று போவதை விரும்புகின்றன என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர் 70 நாய்களை வைத்து எழுதினார்கள். 2014இல் அதற்கு, சிரிக்க வைத்துச் சிந்திக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்குத் தருகிற இக் நோபல் பரிசும் கிடைத்தது. உங்கள் பால்கனி எந்தத் திசை என்று கவலைப்பட வேண்டாம்.)

தட்டுக்குக் கூட்டிப்போனதும் பேசாமல் நில்லுங்கள். கயிறு கையில், நீங்கள் ஒரே இடத்தில். கொஞ்சாதீர்கள், விளையாட்டு காட்டாதீர்கள், போனை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அவன் காக்காயைப் பார்ப்பான், கம்பியை மோப்பம் பிடிப்பான், உங்கள் கால் விரலைக் கடிப்பான். மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் ஆகட்டும். உட்கார ஆரம்பிக்கும்போது ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். "சுச்சு" என்றோ "ஒண்ணுக்கு" என்றோ உங்கள் வீட்டில் குழந்தைக்கு எதைச் சொல்வீர்களோ அதுவே போதும், ஆனால் வீட்டில் எல்லாரும் அதே வார்த்தையைச் சொல்ல வேண்டும். முடித்த மறு விநாடி, அந்த இடத்திலேயே, ஒரு துண்டு. வேகவைத்த கோழியில் கடலைப்பருப்பு அளவு, சைவ வீடு என்றால் பனீர் அல்லது வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. உள்ளே வந்து ஃபிரிட்ஜைத் திறந்து கொடுத்தால் அது ஃபிரிட்ஜ் வரை நடந்து வந்ததற்கான பரிசு ஆகிவிடும். துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு பால்கனிக் கதவருகே குட்டிக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள்.

முதல் சொட்டு முடிந்ததும் உடனே உள்ளே கூட்டி வராதீர்கள். சின்னக் குட்டிகள் பெரும்பாலும் இரண்டு தவணையில்தான் காலி செய்யும். பாதியில் கவனம் சிதறும், இன்னும் ஒரு நிமிடம் நின்றால் மீதியும் வரும். "இப்பத்தானே வெளியே கூட்டிட்டுப் போனோம், உள்ளே வந்ததும் போறானே" என்று புலம்புகிற வீடுகளில் பெரும்பாலும் இந்த இரண்டாவது தவணைதான் வில்லன்.

இரண்டு தவணையும் முடிந்துவிட்டதா? அரை மணி நேரம் ஹாலில் ஆட விடுங்கள், கண் அவன் மேல் இருக்கட்டும். அப்புறம் பென். எதுவுமே போகவில்லையா? நேரே பென், பத்து நிமிடம் கழித்து மறுபடி தட்டு. காலியான மூத்திரப்பைக்குத்தான் ஹால் திறக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது மட்டும் பிசகாமல் நடந்தாலே ஓரிரு வாரத்தில் வீட்டுக்குள் விபத்து பாதியாகக் குறைவதைப் பார்க்கலாம்.

சாப்பாட்டை ஒழுங்கு செய்யாமல் இந்த நேரக் கணக்கு நிற்காது. கிண்ணத்தில் நாள் முழுக்கத் தீனி கிடந்தால் நாள் முழுக்க வரும். இந்த வயதுக்கு நாலு வேளை, குறித்த நேரத்தில், பதினைந்து நிமிடம் வைத்துவிட்டு மிச்சத்தை எடுத்துவிடுங்கள். சிலர் "கொஞ்சமாகக் கொடுத்தால் கொஞ்சமாகப் போவான்" என்று வேளையைக் குறைக்கிறார்கள். சின்ன இனக் குட்டிக்கு இது ஆபத்து. நீண்ட நேரம் வயிறு காய்ந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் தள்ளாடி விழுந்துவிடும். தண்ணீரையும் நிறுத்தாதீர்கள், நம் ஊர் வெக்கையில் அது கூடவே கூடாது. ராத்திரி படுப்பதற்கு ஒரு மணி முன்பு விளையாட்டை நிறுத்தினால் நீர் குடிப்பதும் தானாகக் குறையும்.

மாமியாரிடம் ஒன்றை மட்டும் பக்குவமாகச் சொல்லுங்கள். பசும்பாலும் பிஸ்கட்டும் வேண்டாம். நிறைய குட்டிகளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, தண்ணியாகப் போகும். வயிறு இளகின குட்டியை எந்தப் பயிற்சியாலும் அடக்கவைக்க முடியாது. குடற்புழு இருந்தாலும் இதேதான். குடற்புழு மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை என்பது வழக்கம். விட்டுப்போயிருந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, மூக்கைத் தேய்க்கிற விஷயம். இது நம் ஊரில் பாட்டன் காலத்து வைத்தியம், எல்லாரும் சொல்வார்கள். இன்றோடு விட்டுவிடுங்கள். குட்டி போனது பத்து நிமிடத்துக்கு முன்னால், நீங்கள் தேய்ப்பது இப்போது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவனுக்குத் தெரியாது. அவனுக்குப் புரிவது, தரையில் ஈரம் இருக்கும்போது இவர்கள் பக்கத்தில் இருந்தால் ஆபத்து என்பது மட்டும்தான். அதனால் நீங்கள் பார்க்கும்போது போகவே மாட்டான். பால்கனியில் கயிற்றோடு நின்றாலும் அடக்கிக்கொள்வான், உங்கள் தலை மறைந்ததும் சோபாவுக்குப் பின்னால் போவான். சோபா மர்மத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

"இல்லீங்க, தப்பு பண்ணிட்டோம்னு அவனுக்குத் தெரியுது, முகத்தைப் பார்த்தாலே தெரியும்" என்பார்கள். அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் இதைச் சோதித்து வெளியிட்டார். 14 நாய்கள். தின்னக் கூடாது என்று சொல்லிவிட்டு உரிமையாளர் அறையை விட்டுப் போவார், திரும்பி வரும்போது நாய் தின்றது, தின்னவில்லை என்று அவரிடம் சொல்வார்கள், சில சமயம் வேண்டுமென்றே மாற்றியும் சொல்வார்கள். காதை மடக்கி, கண்ணைத் தாழ்த்துகிற அந்தக் குற்றவாளி முகம் நாய் தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை, உரிமையாளர் அதட்டினாரா இல்லையா என்பதைப் பொறுத்தே வந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடமும் அதே முகம். உங்கள் குட்டி காட்டுவது உங்கள் கோபத்தைப் பார்த்த பயம், வேறொன்றுமில்லை.

கையும் களவுமாகப் பிடித்தால் என்ன செய்வது? "ஏய்" என்று சாதாரணக் குரலில், அல்லது ஒரு சின்னக் கைதட்டல். நின்றுவிடுவான். அப்படியே தட்டுக்குக் கொண்டுபோங்கள், மீதியை அங்கே முடித்தால் பரிசு கொடுங்கள். பார்க்காமல் போய்விட்டானா, ஒன்றும் செய்யாதீர்கள். துடைத்துவிட்டு, எந்த நேரத்தைத் தவறவிட்டோம் என்று மட்டும் யோசியுங்கள்.

துடைப்பதிலும் விஷயம் இருக்கிறது. நாம் உடனே பினாயிலைத் தேடுகிறோம். வாசனை நமக்குத்தான் மறைகிறது, அவன் மூக்குக்கு அடியில் பழைய வாடை அப்படியே இருக்கும், திரும்ப அதே இடத்துக்கு வருவான். பினாயில் தரையில் நடந்து பாதத்தை நக்குவது அவன் வயிற்றுக்கும் நல்லதல்ல. அமோனியா கலந்த கிளீனர் இன்னும் மோசம், அந்த வாடையே சிறுநீர் வாடைபோலத்தான். முதலில் பழைய செய்தித்தாளால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு வெறும் தண்ணீர். அதன் பிறகு செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிற என்சைம் கிளீனரை நன்றாக நனையும்படி விட்டு, பாட்டிலில் போட்டிருக்கிற நேரம் வரை ஊறவிடுங்கள். வாடைக்குக் காரணமான பொருட்களை அதுதான் உடைக்கும். அவசரத்துக்கு வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து டைல்ஸில் போடலாம். மார்பிள் தரையில் போடாதீர்கள், பளபளப்பு போய்விடும். பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர் மேலேயோ வினிகரோடோ சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும். டைல்ஸ் இணைப்புகளில் உள்ள சிமென்ட் கோடு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பழைய டூத் பிரஷ்ஷால் அங்கே தனியாகத் தேய்க்க வேண்டும். சோபாவை ஒருமுறை முழுசாக நகர்த்திப் பார்த்துவிடுங்கள். நீங்கள் நினைப்பதைவிட அதிக வட்டங்கள் அங்கே இருக்கும்.

பூஜை அறைப் பக்கம் போய்விடுவானோ என்ற பயம் மாமியாருக்கு இருக்குமே, அது நியாயம்தான். அதற்கு அதட்டல் தேவையில்லை, இரண்டடி உயரத்தில் குழந்தைகளுக்கு வைக்கிற தடுப்புக் கதவு ஒன்று போதும். ஷிட்ஸூ இந்த வயதில் தாண்டாது. அவரையே கூட்டாளி ஆக்கிக்கொள்ளுங்கள். பகலில் அவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது. முழங்கால் வலியோடு அரை மணிக்கொரு தரம் எழுந்து நடக்கச் சொல்வது சரியில்லை. அவர் மட்டும் இருக்கிற நேரத்தில் பென்னை முழுவதுமாக விரித்து, ஒரு கோடியில் படுக்கை, எதிர்க்கோடியில் இன்னொரு புல் தட்டு என்று வைத்துவிடுங்கள். அவர் செய்ய வேண்டியது சாப்பாடு வைத்த பின்னும், குட்டி தூங்கி எழுந்த பின்னும் பென்னுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தட்டில் போனால் ஒரு துண்டு போடுவது மட்டும்தான். நாய் யாரை அதிகம் மதிக்கும் தெரியுமா, துண்டு போடுகிறவரைத்தான். இரண்டு வாரத்தில் மாமியார் உங்களுக்கு வகுப்பெடுப்பார். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவிடமும் சொல்லிவையுங்கள். துடைக்கும்போது பென்னைத் திறந்துவிட்டு மறந்துபோவது எல்லா வீட்டிலும் நடக்கும்.

ராத்திரி அவன் உங்கள் படுக்கையறையிலேயே, கட்டிலுக்குப் பக்கத்தில் சின்னக் கூண்டிலோ உயரமான அட்டைப்பெட்டியிலோ படுக்கட்டும். ஹாலில் தனியாக விட்டால் அழுவான், அவன் அழுவது பயத்திலா அவசரத்திலா என்று உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தால் அசைவிலேயே தெரிந்துவிடும். இந்த வயதில் ராத்திரி ஒருமுறையோ இருமுறையோ எழுந்தே ஆக வேண்டும். அலாரம் வைத்து அவன் எழுவதற்கு முன் நீங்கள் எழுந்தால் நல்லது, அழுதால்தான் கதவு திறக்கும் என்று கற்றுக்கொள்ள மாட்டான். விளக்கைப் போடாமல், பேசாமல், தட்டு, துண்டு, மறுபடி படுக்கை. நாலு மாதத்துக்கு மேல் அலாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போடலாம். கட்டில் மேல் ஏற்றிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கும். மெத்தையும் உறிஞ்சும் தரைதான் என்பதை நினைவில் வையுங்கள், குறைந்தது ஆறு மாதம் பொறுங்கள்.

தடுப்பூசி முடிந்து கீழே இறக்கும்போது பல குட்டிகள் ஒரு விசித்திரம் செய்யும். கீழே அரை மணி நடந்தும் ஒன்றும் போகாது, மாடிக்கு வந்ததும் தட்டில் ஏறிப் போகும். கோபப்படாதீர்கள், அவ்வளவு நன்றாகப் பழகியிருக்கிறான் என்று அர்த்தம். காலையில் எழுந்ததும், தட்டைக் காட்டாமல் நேரே கீழே கொண்டுபோங்கள், பழைய புல் விரிப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துப்போய்க் கீழே புல்லின் மேல் போடுங்கள். தன் வாடையை மோந்ததும் புரிந்துகொள்வான். போன பிறகு உடனே வீட்டுக்குத் திரும்பாதீர்கள், ஐந்து நிமிடம் நடக்க விடுங்கள். போனதும் உலா முடிந்துவிடும் என்று தெரிந்தால் அடக்கி வைத்துக்கொள்கிற தந்திரசாலிகள் இவர்கள். பையில் கவர் எடுத்துப்போய் மலத்தை அள்ளிப் போட்டுவிடுங்கள், அசோசியேஷனோடு வரும் சண்டையில் பாதி அதனாலேயே வராது.

தட்டை அப்புறம் எடுத்துவிட வேண்டுமா என்றும் கேட்பீர்கள். எடுக்க வேண்டாம் என்பேன். ஐந்தாறு கிலோ நாய்க்கு பால்கனியில் ஒரு நிரந்தரக் கழிப்பிடம் இருப்பதில் எந்தக் கேவலமும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயிறு தரையைத் தொடுகிற நாயைத் தேங்கிய தண்ணீரில் இறக்குவது, அவனுக்கும் பிடிக்காது, உடம்புக்கும் ஆகாது. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. தட்டு ஒன்றே போதும், கீழே நடப்பது உடற்பயிற்சிக்கு என்று முடிவு செய்தாலும் சரிதான். ஆனால் முடிவு ஒன்றாக இருக்கட்டும். ஒரு வாரம் தட்டு, ஒரு வாரம் குளியலறை, ஒரு வாரம் பேப்பர் என்று மாற்றிக்கொண்டே இருந்தால் வீடு முழுக்கவே கழிப்பிடம்தான் போலிருக்கிறது என்று அவன் நினைப்பான்.

பென்னிலிருந்து வீட்டை எப்போது திறப்பது? ஒரு மாதம் தொடர்ந்து ஹாலில் விபத்தே இல்லை என்றால் ஓர் அறையைச் சேருங்கள். அந்த அறையில் முதலில் நீங்களும் அவனும் உட்கார்ந்து விளையாடுங்கள், அவன் சாப்பாட்டை இரண்டு நாள் அங்கே வையுங்கள், தின்கிற இடம் அசுத்தம் செய்கிற இடமாகாது. ஆறு, ஏழு மாதத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது ஒருமுறை வழுக்கும். காலைத் தூக்கி சோபாக் காலில், திரைச்சீலையில் சில துளி விடுவான். அது முட்டிக்கொண்டு வந்தது அல்ல, அடையாளம் வைப்பது. ஆண் குட்டி வயதுக்கு வருகிறான். கருத்தடை செய்வது இதைக் குறைக்கும், எப்போது செய்யலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை மறுபடி வீட்டைச் சுருக்கி, அதே பழைய நேரக் கணக்குக்குத் திரும்புங்கள்.

நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் வாலாட்டிக்கொண்டே நின்ற இடத்தில் விட்டுவிடுகிறானா? அதற்குப் பயிற்சி தேவையில்லை. உள்ளே வந்ததும் குனிந்து கொஞ்சாமல், கண்ணைப் பார்க்காமல் நேரே பால்கனிக்கு நடங்கள், அங்கே போய்க் கொஞ்சுங்கள். வளர வளரப் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும்.

இவ்வளவும் செய்தும் ஒரு மாதத்தில் துளி முன்னேற்றமும் இல்லை என்றால், அல்லது நன்றாகப் பழகியவன் திடீரென்று அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனால், முக்கினால், அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருந்தால், சிறுநீரில் சிவப்பு தெரிந்தால், பயிற்சியை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். சிறுநீர்ப்பாதைத் தொற்றாக இருக்கலாம். சுத்தமான சின்ன டப்பாவில் காலையின் முதல் சிறுநீரைப் பிடித்து, ஓரிரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். ஷிட்ஸூவுக்கு அடியில் டப்பா நுழையாது, பழைய சாம்பார்க் கரண்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து அதில் பிடியுங்கள்.